வேலை விஷயமாக ஆஸ்திரேலியா போகும்போது ஓய்வு நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

அலுவலக வேலையாக இரண்டு வாரம் சிட்னி போகிறேன், வார நாட்களில் நேரமே இருக்காது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் இருக்கும். ஆனால் அது மாலையில் இல்லை, விடியற்காலையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிட்னி நம்மைவிட நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பார்கள்; அப்போது ஐந்தரை மணி நேரம். நீங்கள் மாலை 5 மணிக்கு வேலை முடிந்து எழுந்திருக்கும்போது சென்னையில் பகல் 12:30, அல்லது 11:30. நம் ஊர் டீம் முழு வேகத்தில் இருக்கும் நேரம் அது. ‘ஐந்தே நிமிஷம், ஒரு சின்ன மீட்டிங்’ என்று ஆரம்பித்தால் இரவு எட்டாகிவிடும். மாலையை நம்பித் திட்டம் போட்டுவிட்டு, ஹோட்டலையும் அலுவலகத்தையும் மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அதே சிட்னியில் காலை 6 மணிக்கு இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் முழுக்க உங்களுடையது.

முதல் இரண்டு மூன்று நாள் உடம்பு ஒத்துழைக்காது, அதை வற்புறுத்த வேண்டாம். பிறகு காலை வெயிலில் நடக்க ஆரம்பித்தாலே தூக்கம் தானாக வழிக்கு வந்துவிடும்.

ஊரும் விடியலில் எழும் ஊர்தான். காபிக் கடைகள் ஆறு மணிக்கே திறந்து, பிற்பகல் மூன்றுக்கெல்லாம் பெரும்பாலும் மூடிவிடும். துணிக்கடை, பரிசுப் பொருள் கடைகளும் மாலை ஆறு மணி வாக்கில் அடைத்துவிடுவார்கள். வியாழக்கிழமை மட்டும் நகர மையத்தில் ஒன்பது வரை இருக்கும். வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் அந்த ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் எங்கே போவது? கடற்கரைக்குத்தான். சிட்னியின் கடல் கிழக்கு பார்த்தது, சூரியன் கடலிலிருந்து எழும். டிசம்பரில் 5:40 வாக்கில், ஜூனில் ஏழு மணியளவில். நகர மையத்தில் படகுத்துறை இருக்கும் சர்க்குலர் கீயிலிருந்து 333 பேருந்தில் பாண்டை கடற்கரைக்குப் போய், அங்கிருந்து பாறை ஓரமாகவே தெற்கே நடக்கலாம். குஜி வரையிலான முழுப் பாதை சுமார் 6 கிலோமீட்டர்; வேலை நாளில் வழியில் வரும் பிரான்டி கடற்கரை வரை போனால் போதும். பிரான்டியில் கடலோரப் பாறையை ஒட்டியே ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. பெரிய அலை வந்தால் சுவரைத் தாண்டி நுரையோடு குளத்துக்குள் விழும். குளிர்காலத்தில்கூட எழுபது வயதுப் பாட்டிகள் தொப்பி மாட்டிக்கொண்டு நிதானமாக நீந்திக்கொண்டிருப்பார்கள். கடலில் நீந்தத் தெரியாதவர்களுக்கு, அலை அதிகம் இல்லாத நாளில், கடல் தண்ணீரில் நனைய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. திரும்ப பேருந்தில் பாண்டை ஜங்ஷன், அங்கிருந்து ரயில். ஒன்பது மணிக்கு இருக்கையில் இருக்கலாம்.

கடலில் இறங்குவது பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கரையில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். உயிர்காப்பாளர்கள் கண்காணிப்பது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தண்ணீரைத்தான். கொடி இல்லையென்றால் முழங்கால் வரைகூட இறங்காதீர்கள். கடலில் சில இடங்களில் இரு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் கொஞ்சம் கருத்துத் தெரியும். புதிதாகப் போகிறவர்கள் அதுதான் அமைதியான இடம் என்று நினைத்து அங்கேயே இறங்குகிறார்கள். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்ப ஓடும் வழி அது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். வேலைக்குப் போன பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாலையில் எப்படியாவது இரண்டு நாளை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று புதன்கிழமை. நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அன்று இரவு 10 மணி வரை திறந்திருக்கும், பொது அனுமதி இலவசம். 2022-இல் திறந்த புதிய கட்டடத்தில் நுழைந்ததுமே பூர்வகுடி ஓவியர்களின் கூடம். அதற்கு நிறைய நேரம் கொடுங்கள். இந்த நாடு யாருடைய மண் என்பது அங்கேதான் புரிய ஆரம்பிக்கும். கீழ்த்தளத்தில், இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களுக்கு எண்ணெய் சேமித்த பெரிய தொட்டியையே காட்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்று வெள்ளிக்கிழமை, சர்க்குலர் கீயிலிருந்து மேன்லி என்ற கடற்கரைப் பகுதிக்குப் படகு. அரை மணி நேரப் பயணம். போகும்போது வலப்பக்கம் வெளியே நின்றுகொள்ளுங்கள், 1973-இல் திறந்த ஓப்பரா ஹவுஸை மிகப் பக்கத்தில் கடந்து போகும். துறைமுக வாயிலை நெருங்கும்போது பசிபிக் அலையில் படகு நன்றாகவே ஆடும். தனியாகச் சுற்றுலாப் படகுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. உங்கள் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம், இறங்கும்போதும் அதே அட்டையைத் தட்ட வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறில் ஒரு நாள் கட்டணத்தின் உச்சவரம்பு மற்ற நாட்களில் இருப்பதில் பாதிதான். துறைமுகப் பாலத்தின் மேல் ஏற நிறையப் பணம் வாங்குகிறார்கள். பாலத்தின் கிழக்கு ஓர நடைபாதையில் நடக்க ஒரு காசும் வேண்டாம்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் மேற்குப் புறநகரில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் போங்கள். இலங்கைத் தமிழர்களும் நம்மவர்களும் நிறைய வாழும் பகுதி. மேஸ் ஹில் முருகன் கோயிலும் அதே திசையில்தான்.

வார இறுதியில் மெல்பர்ன், நடுப் பாலைவனத்தில் இருக்கும் உலுரு பாறை என்று விமானம் ஏறாதீர்கள். பெரிய நாடு, இரண்டு நாளும் விமான நிலையத்திலேயே போய்விடும். அதற்குப் பதிலாக சிட்னியின் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரயிலில் கட்டூம்பா என்ற மலை ஊர், சுமார் இரண்டு மணி நேரம். நிலையத்திலிருந்து அரை மணி நடந்தால் எக்கோ பாயின்ட், எதிரே ‘மூன்று சகோதரிகள்’ பாறை. சிட்னி வெயிலை நம்பிப் போகாமல் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவது அங்கே வழக்கம் என்பதால் வெள்ளிக்கிழமையே போக்குவரத்துச் செயலியில் பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை ரயில் இல்லையென்றால் ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டு, சனிக்கிழமை பாண்டையிலிருந்து குஜி வரை முழுவதும் நடந்துவிடுங்கள்.