மின்சாரமா, ஹைபிரிடா, பெட்ரோலா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் வேலைக்குச் சென்று வருகிறேன். மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா?

பதில்: தாராளமாக. போக வர 100 கிலோமீட்டர், மாதத்தில் 25 நாள் என்றால் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16 என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின்சாரக் கார் யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடும். இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி உயர்ந்த கட்டணத்துக்குப் போய்விடும் என்பதால், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே கணக்கிட்டாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். மாதம் 12,000 ரூபாய் வரை மிஞ்சும். காரின் விலையில் 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அது திரும்பிவிடும். சூளகிரி வழியாக ஓசூருக்கு 300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருப்பதால், காலையில் ஒன்றரை யூனிட் அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும். மாலையில் இறங்கும்போது அதில் கணிசமான பகுதி பேட்டரிக்குத் திரும்பும்.

கேள்வி: ஓய்வுபெற்றவன், தருமபுரி நகருக்குள்தான் ஓட்டம். மாதம் 300 கிலோமீட்டர் தாண்டாது.

பதில்: பெட்ரோல் காரே போதும். மேலே சொன்ன கணக்கை உங்கள் ஓட்டத்துக்குப் போட்டுப் பார்த்தால், அந்த 3 லட்சம் திரும்பிவர 17 ஆண்டுகள் ஆகும். பழைய கார் வாங்குவதாக இருந்தால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதாக, 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டியாகப் பாருங்கள்.

கேள்வி: நல்ல கார் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: மாதம் எத்தனை கிலோமீட்டர், இரவில் வண்டி எங்கே நிற்கும் என்ற இரண்டையும் எழுதாமல் இப்படிக் கேட்காதீர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவை தெரியாமல் எந்தக் காரையும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பாலக்கோட்டில் எங்கள் தோட்டத்துக்கு இலவச மின்சாரம் உண்டு. அதில் காருக்குச் சார்ஜ் போடலாமா?

பதில்: கூடாது. அது பாசனத்துக்கு மட்டுமே தரப்பட்ட இணைப்பு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, அனுமதிக்காத பயன்பாட்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம் விதிப்பார்கள்.

கேள்வி: புதிய மின்சாரக் காரின் சார்ஜரில் எர்த் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. எலக்ட்ரீஷியன் பிளக் பாயின்ட்டுக்குள் ஒரு சிறு வயரைப் போட்டதும் சரியாகிவிட்டது. இனிக் கவலை இல்லையே?

பதில்: இதைப் படித்த உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அவர் செய்திருப்பது, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போட்ட வேலை. சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கைக் காட்டுகிறதே தவிர, எர்த் வந்துவிடவில்லை. காற்றிலோ மழையிலோ கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கம்பி அறுந்தால், வீட்டு விளக்கின் வழியாகவும் மின்விசிறியின் வழியாகவும் திரும்பும் 230 வோல்ட் அந்தச் சிறு வயரில் ஏறி, காரின் உடம்பு முழுவதும் பரவிவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. ஏனென்றால், 15 லட்சத்துக்குக் கார் வாங்குபவர்கள்கூட எர்த்துக்குச் சில ஆயிரங்கள் செலவிடத் தயங்குகிறார்கள், விற்பவர்களும் வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்க்காமலேயே சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். நம் பகுதி பாறைப் பாங்கான மண். இரண்டடி ஆழத்தில் ஒரு கம்பியை அடித்துவிட்டால் எர்த் ஆகிவிடாது. ஆழமாகக் குழி எடுத்து, உப்பும் கரியும் இட்டு, கோடையில் வாரம் ஒருமுறையாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். மெயின் போர்டிலிருந்து சார்ஜருக்கென்று தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை இழுத்து, அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் எம்.சி.பி.யைத் தனியாகவும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையும் வைக்கச் சொல்லுங்கள். எர்த்தின் மின்தடையைக் கருவி வைத்து அளந்து காட்டாத எலக்ட்ரீஷியனுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெங்களூரில் வாடகை வீடு, சார்ஜ் போட வசதி இல்லை. வாரக் கடைசியில் அரூர் வந்து போவேன். ஷோரூமில் ஹைபிரிட் என்று ஒரு காரை விலை குறைவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடுக்கு வெளியே சார்ஜ் போட வேண்டியதில்லை என்பதால் அது உங்களுக்குப் பொருந்தும், ஆனால் அவர்கள் காட்டுவது மைல்ட் ஹைபிரிடாக இருக்கும். அதில் மோட்டார் எஞ்சினுக்குச் சற்றுக் கைகொடுக்குமே தவிர, தனியாகச் சக்கரத்தைச் சுழற்றாது, மிச்சமும் சொற்பமே. எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் மட்டுமே வண்டி நகருமா என்று கேட்டு, ஓட்டிப் பாருங்கள். நகர்ந்தால்தான் அது ஸ்ட்ராங் ஹைபிரிட். பெங்களூர் நெரிசலில் அது லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் தரும். நான்கு வழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த அனுகூலம் குறைந்துவிடும்.

கேள்வி: மின்சாரக் கார்க் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டா?

பதில்: 80இஇபி பிரிவில் 2023 மார்ச் 31க்குள் ஒப்புதலான கடனுக்கு மட்டுமே.

கேள்வி: தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. இக்காலப் பெட்ரோல் கார்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்காகச் செலவாகும். எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடி தளரும். மின்சாரக் காராக இருந்தால், வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் மீட்பு பிரேக்கை அதிக அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் அது சரிவர வேலை செய்யாது என்பதால், ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்கள் மேலே முழுச் சார்ஜ் போடாமல் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.