அந்த மாணவி பள்ளிக்கு வருகிறாளா?

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டி வட்டாரத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை நான். சென்ற மாதம் பிளஸ் ஒன் மாணவர்கள் பேருந்து நிறுத்தத்தில் மோதிக்கொண்டார்கள். வேறு சாதிப் பையன் ஒருவன் ஒரு பெண்ணிடம் பேசியதுதான் காரணம். பெற்றோரை வரவழைத்து, எழுதி வாங்கிக்கொண்டு முடித்துவிட்டார்கள். ‘வயதுக் கோளாறு’ என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அமெரிக்காவில் நிறம், இங்கே சாதி, அவ்வளவுதானா? சாதி காட்டும் கைக்கயிற்றை அவிழ்க்க வைத்தால் இது அடங்குமா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கயிற்றை அவிழ்க்கத்தான் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை அதே பள்ளியின் வேறு சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றுக்கும் தடை கேட்டது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கவும் சொன்னது. கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் என்று பெயர்ப் பலகையிலேயே பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கும் நம் பகுதிக்கு அது எவ்வளவு அவசியம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால், உசிலம்பட்டியிலிருந்து மாலையில் கிளம்பும் டவுன் பஸ்ஸைப் பாருங்கள். படியில் தொங்குகிற பையன் பள்ளி வாசலைத் தாண்டியதும் சட்டைக் கையை மடித்துக் கயிற்றை வெளியே விடுகிறான். அவன் கண்ணெல்லாம் பஸ்ஸுக்குள்ளே, தன் தெருப் பெண் யார் பக்கத்தில் நிற்கிறாள் என்பதில்தான் இருக்கிறது. அவளுக்குக் காவல் நிற்பதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று வீடும் தெருவும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. வயதுக் கோளாறுதான் என்றால், அதே வயதுப் பெண்கள் ஏன் அரிவாள் எடுப்பதில்லை?

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையின மாணவர்களைவிட மிக அதிக விகிதத்தில் இடைநீக்கம் செய்யப்படுவதை அந்நாட்டுக் கல்வித் துறையின் தரவுகளே பல ஆண்டுகளாகக் காட்டுகின்றன. நம் பள்ளிகளில் டி.சி. முதலில் யார் கைக்குப் போகிறது? ஊர்ப் பெரியவர்கள் பின்னால் வந்து நிற்கும் பையனுக்கா, கூலி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்த தாயின் பையனுக்கா?

உங்கள் கடிதத்தில் அந்தப் பெண் ஒரு வரியில் வந்து மறைந்துவிட்டாள். எனக்கு ஆற்றாமை அங்கேதான். இத்தகைய சண்டைகளுக்குப் பின் பையன்கள் நாலு நாளில் வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். படிப்பு நிற்பது பெரும்பாலும் பெண்ணுக்கு. சில வீடுகளில் மாப்பிள்ளையே பார்த்துவிடுகிறார்கள். அவள் வராவிட்டால் நீங்களே வீட்டுக்குப் போய் அழைத்து வாருங்கள். கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். அவள் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை என்று, அவள் அப்பாவிடம் தலைமையாசிரியர் தன் வாயால் சொல்லட்டும்.