எம்ஜிபி காரில் இரண்டு கார்புரேட்டரையும் ‘பேலன்ஸ்’ செய்வது என்றால் என்ன?

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்கள் இரண்டும் ஒரே அளவு காற்றை உள்ளே விடும்படி சரிசெய்வதுதான் அது. இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் 1,798 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். அதற்கு எஸ்யு (SU) வகை கார்புரேட்டர்கள் இரண்டு. முன்னது முதல் இரண்டு சிலிண்டருக்கு, பின்னது மற்ற இரண்டுக்கு.

ஒன்று கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால் அதன் பக்கத்து சிலிண்டர்களே பாரத்தை இழுக்கும். ஒரு மாடு முந்த, இன்னொன்று பின்தங்கும் வண்டி மாதிரி: நகரும், ஆனால் நுகத்தடி கோணிக்கொண்டே போகும். காரில் இது ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, நடுக்கமாகத் தெரியும்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டின் திராட்டில் தண்டுகளையும் (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டைத் திருப்பும் தண்டுகள்) இணைக்கும் கிளாம்பைத் தளர்த்துங்கள். எஞ்சின் சூடாகி ஓடும்போது ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கார்புரேட்டர் வாயருகிலும் வைத்தால் ‘உஸ்’ஸென்று கேட்கும். இரண்டிலும் அந்தச் சத்தம் ஒன்றாகும்வரை ஐடில் ஸ்குரூக்களைத் திருப்ப வேண்டும். அப்புறம் கிளாம்பை இறுக்கலாம். வால்வு இடைவெளியும் இக்னிஷன் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) முதலிலேயே சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்கத் திருகினாலும் வீண்.

எஸ்யு கார்புரேட்டரின் உச்சி மூடியைத் திறந்து ஊற்றும் எண்ணெய் தேய்மானத்தைக் குறைக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சட்டென்று மேலே தாவாமல் பிடித்து, அந்த நொடியில் பெட்ரோல் சற்று அதிகமாகக் கலக்கச் செய்கிறது.