கிழிந்த டியூபும் பதினைந்து லட்சம் கடனும்

குலசேகரத்துப் பக்கமிருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சென்னை மாமா ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். பதினைந்து லட்சம் கடன் எடுக்க வேண்டுமாம். "சொந்தக்காரங்க முன்னால தலை நிமிரணும் சார்" என்ற அப்பாவுக்குக் குரல் அடைத்துக்கொண்டது.

முதலில் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன். அப்புறம் கணக்குப் போட்டேன். 11 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 13,750 ரூபாய். மழை பிடித்தால் வெட்டு நின்றுபோகிற வீட்டில் இதை யார் கட்டுவது? மாமா கட்டப்போவதில்லை. இந்தக் கடன் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

"உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டதும், மகள் பையிலிருந்து இரண்டு சைக்கிள் டியூப் துண்டுகளை எடுத்தாள். ஒன்று முழுசு; எவ்வளவு இழுத்தும் தாங்கியது. இன்னொன்றின் ஓரத்தில் பிளேடால் சின்னதாக ஒரு கீறல். பாதி இழுப்பிலேயே படக்கென்று கிழிந்தது. "ரெண்டும் ஒரே ரப்பர்தானே சார், ஏன் இப்படி?"

இந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. 1953இல் ரிவ்லின், தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள், ரப்பரில் கிழிசல் ஒரு சதுர மீட்டர் முன்னேற எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்தார்கள். ஷீட்டைக் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிளந்து எதிரெதிரே இழுக்க வேண்டும். விசையை இரண்டால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் விடை. 2 மில்லிமீட்டர் ஷீட், ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் இழுப்பு என்றால் சதுர மீட்டருக்கு 10,000 ஜூல். கண்ணாடிக்குப் பத்து ஜூல் போல ஆனாலே பெரிசு.

1967இல் லேக்கும் தாமஸும் இன்னும் உள்ளே போனார்கள். ரப்பரில் சேர்க்கிற கந்தகம் மூலக்கூறுச் சங்கிலிகளை அங்கங்கே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது; இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே நீண்ட சங்கிலி. அதில் ஒரு பிணைப்பு அறுந்தாலும், சங்கிலியின் மற்றப் பிணைப்புகள் எல்லாம் இழுபட்டுச் சேர்த்து வைத்திருந்த ஆற்றலும் போய்விடுகிறது. ஒரு சதுர மீட்டருக்குச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அது சில பத்து ஜூல்தான். மீதி ஆயிரங்கள் கிழிசலைச் சுற்றியுள்ள ரப்பர் நீண்டு சுருங்கும்போது வெப்பமாகப் போகின்றன. இயற்கை ரப்பர் கிழிசலின் முனையில் படிகமாக இறுகி வழிமறிக்கவும் செய்யும். கந்தகம் அதிகமானால் சங்கிலி குட்டையாகும். ரப்பர் விறைக்கும், ஆனால் சட்டென்று கிழியும். அந்த அளவைப் பிடிப்பதுதான் காம்பவுண்டரின், அதாவது ரப்பர் கலவை தயாரிக்கிறவரின் வேலை.

"நாங்க வெட்டுற பாலா சார் இது?" என்று கேட்டார் அப்பா. அதேதான், ஐயா.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பி.டெக். ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் துறை. பொறியியல் கலந்தாய்விலேயே கேட்கலாம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. ஒரகடம், அரக்கோணம், மதுரைப் பக்கமெல்லாம் டயர் ஆலைகள். ஆயில் சீல், ஹோஸ், பாலத் தூண் மேல் வைக்கிற ரப்பர் மெத்தை என்று வேலை விரிகிறது. மேலே படிக்க ஐ.ஐ.டி. காரக்பூரில் ரப்பர் தொழில்நுட்ப மையம்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. மிக்ஸிங் பகுதியில் கை கறுக்கும், ஷிப்ட் வரும், முதல் சம்பளம் மாமா சொல்வதைவிடக் குறையலாம். ஆனால் பிளேடும் டியூபும் எடுத்து வந்தது அவள். கோடிங் பற்றி ஒரு மணி நேரத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மகளுக்கு மட்டும் ஒரு வேலை: பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில் தராசு கேட்டு வாங்கி, லாரி டியூப் துண்டின் கால்கள் நீளாதபடி பின்னால் துணி ஒட்டி, மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை கிழித்துப் பார்க்க வேண்டும். இரண்டு அளவையும் எழுதிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வருகிறாள்.