போர் நேரத்தில் அரசை விமர்சித்த மகன்: அந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: டி.கல்லுப்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 63. என் மகன் பி.எஸ்சி. முடித்துவிட்டு எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறான். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த நாட்களில் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டான். 'ராணுவத்துக்கு 6.81 லட்சம் கோடி ஒதுக்குகிற அரசுக்கு, 2019-ல் தோப்பூரில் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸைக் கட்டி முடிக்க மனசு வரவில்லையா? எங்கள் அப்பத்தாவை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்' என்று எழுதியிருந்தான். கடைசி வரியில், ராணுவத்தில் இருக்கும் என் அண்ணன் மகனின் யூனிட் எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டான். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து பேசுவதாக ஒருவர் போன் செய்து, 'பையனைக் கூட்டிக்கொண்டு வாங்க' என்றார். தெரிந்தவர் ஒருவர், 'தேசத்துரோக கேஸ் ஆகிவிடும், 40,000 ரூபாயும் ஒரு மன்னிப்புக் கடிதமும் கொடுத்தால் பேசி முடித்துவிடலாம்' என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. பணத்தைக்கூட விடுங்கள், போனால் போகட்டும். அந்தக் கடிதத்தில் உங்கள் மகனின் கையெழுத்து விழக் கூடாது.

இப்படி ஒரு கடிதத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மேலூர் பக்கத்துப் பையன் ஒருவன், ஊரில் குடிநீர் வராததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தான். 'தெரிந்தவர்' ஒருவர் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் டைப் அடித்துக் கொண்டுவந்த கடிதத்திலோ, 'நாட்டின் இறையாண்மைக்கு எதிராகவும் அரசை இழிவுபடுத்தும் நோக்கத்தோடும் நான் வேண்டுமென்றே பதிவிட்டது உண்மை' என்று இருந்தது. கீழே பையனின் கையெழுத்து, ஊர்க்காரர்கள் இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்து. பணம் வாங்கியவர் அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. வழக்குப் பதிவானபோது அந்தத் தாள் கேஸ் கட்டில் இருந்தது. போலீஸிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்வதை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் போலீஸ் அல்லாதவர்கள் முன்னால் சாட்சியோடு எழுதிக் கொடுத்ததை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அவன் எழுதிய நாலு வரியில் இல்லாத குற்றத்தை அந்தக் கடிதம் உண்டாக்கியது. அதிலிருந்து அவனை மீட்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். 'தேசத்துரோகம்' என்று ஊரில் சொல்கிற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதமே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 152 என்ற பிரிவு இருக்கிறது. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய கடுமையான பிரிவுதான். ஆனால் அதே பிரிவின் கீழேயே ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அரசின் நடவடிக்கை பிடிக்கவில்லை, அதைச் சட்டப்படி மாற்ற வேண்டும் என்று கருத்துச் சொல்வது இந்தக் குற்றத்தில் சேராது. ஆஸ்பத்திரி ஏன் வரவில்லை என்று கேட்பது அதில் அடங்கும். வன்முறைக்குத் தூண்டாத விமர்சனம் குற்றமில்லை என்று 1962-லேயே கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீனப் போர் நடந்த அதே வருடம் அது.

'போர் நேரம் சார், இப்போது உரிமையெல்லாம் கிடையாது' என்று யாராவது மிரட்டுவார்கள். அது தவறு. போரைக் காரணம் காட்டி நெருக்கடி நிலையை முறைப்படி அறிவித்தால்தான் அரசியல் சாசனத்தின் பேச்சுரிமைப் பிரிவு செயல் இழக்கும். 1962 அக்டோபரிலும் 1971 டிசம்பரிலும் அப்படி அறிவித்தார்கள். 1962-ல் சண்டை ஒரே மாதத்தில் நின்றது, நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. 1965-ல் மதுரை மாசி வீதிகளில் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்ததும், அந்த நெருக்கடி நிலையோடு வந்த போர்க்காலச் சட்டமான இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான். எல்லைக்காகப் போட்ட சட்டம் உள்ளூர்க்காரர்கள் மேல் பாய்ந்தது. அதனால்தான் இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்கிறேன். கார்கிலின்போதும் 2025 மே மாதத்திலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்படவே இல்லை. உங்கள் மகனின் உரிமை அன்றைக்கும் முழுசாக இருந்தது.

இனி அந்தக் கடைசி வரி. பதிவில் என்னைக் கவலைப்பட வைத்தது அது ஒன்றுதான். அரசைத் திட்டுவது வேறு, படை எங்கே நிற்கிறது என்று சொல்வது வேறு. படை நடமாட்டத் தகவலை வெளியிடுவது அரசு ரகசியச் சட்டம் வரைக்கும் இழுத்துவிடும். 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்றும் உயிரோடு இருக்கிறது. ராணுவ நடவடிக்கையை நேரலையில் காட்ட வேண்டாம் என்று 2025 ஏப்ரல் 26 அன்று மத்திய அரசு தொலைக்காட்சிகளுக்கே அறிவுறுத்தியது. உங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கிறது. மகன் போனில் சொல்லும் ஊர்ப் பெயரை அம்மா பக்கத்து வீட்டில் சொல்கிறார், தம்பி ஸ்டேட்டஸில் போடுகிறான். வண்டியேறும் தேதி, யூனிட் பெயர், முகாமுக்குப் பின்னால் தெரியும் மலை, கூடல்நகரில் ராணுவ வண்டிகளோடு நிற்கிற சரக்கு ரயில் என எதையும் படம் எடுத்தும் போடக் கூடாது, எழுதியும் போடக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, அங்கே நிற்பது உங்கள் அண்ணன் மகன். முதலில் முழுப் பதிவையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்த ஒரு வரியை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். எய்ம்ஸ் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும். பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டால், அதில் என்ன இருந்தது என்று பிறகு அவர்கள் சொல்வதுதான் கதையாகிவிடும்.

போன் அழைப்பு நோட்டீஸ் ஆகாது. குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணைக்கு அழைக்க எழுத்துப்பூர்வ நோட்டீஸ் வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அழைத்தவர் போலீஸ்தானா என்பதே முதலில் தெரிய வேண்டும். அந்த எண்ணைத் திரும்ப அழைக்காமல், காவல்துறை இணையதளத்தில் ஸ்டேஷன் எண்ணைப் பார்த்துக் கேளுங்கள். வீடியோ காலில் 'டிஜிட்டல் கைது' என்று யாராவது சொன்னால் அது மோசடி, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டால், 60 வயதைத் தாண்டிய உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

எஸ்.ஐ. வேலைக்கு வருகிறேன். சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. மனு ரசீதோடு விசாரணை முடிந்தால் அது கிரிமினல் வழக்கு ஆகாது. பேச்சு, எழுத்து சம்பந்தமான புகாரில், மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பிரிவாக இருந்தால், முதலில் பூர்வாங்க விசாரணை நடத்திப் பார்ப்பதே முறை என்று 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்ன பிரிவு என்றே தெரியாமல் இப்போதே முன்ஜாமீன் போட வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் ஃபீஸ் கொடுத்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால், விண்ணப்பத்தில் அதை மறைக்கவே கூடாது. வழக்கைவிட மறைத்ததுதான் பலருடைய வேலையைப் பறித்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே பொறுமை போகிறது. 2021-ல் வாடிப்பட்டி போலீஸ், 'துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலை பயணம்' என்று குடும்பத்தோடு போன சுற்றுலாப் படத்தை வேடிக்கையாகப் போட்டவர் மீது, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாக வழக்குப் போட்டது. ரிமாண்ட் செய்ய வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் மறுத்தார், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்தது. 2015-ல் செல்லாது என்று தீர்ப்பான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் அதற்குப் பிறகும் நாடு முழுக்க வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டு நிறுத்த வேண்டியிருந்தது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் அதை நிரூபிக்க ஒரு விவசாயி எத்தனை தடவை பஸ் ஏறி, உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் ஒத்தக்கடைக்கு வருவது? தோப்பூர் எய்ம்ஸின் முதல் ஐம்பது மாணவர்களை 2022-ல் ராமநாதபுரத்தில் உட்கார வைத்துத்தான் பாடம் தொடங்கினார்கள். அதைக் கேட்ட பிள்ளையை விசாரிக்க இருக்கிற வேகம், அவன் கேட்டதற்குப் பதில் சொல்வதில் இல்லை.

இந்த வாரமே ஸ்டேஷனுக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 'புகார் இருந்தால் அதன் விவரத்தோடு எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுங்கள், சொல்லும் தேதியில் என் மகன் வக்கீலோடு வருவான்' என்று எழுதினால் போதும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள், அல்லது மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராகப் போய் இலவச வக்கீலுக்கு மனு கொடுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீது, ஸ்கிரீன்ஷாட், ஆதார் நகல் மூன்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். போனை ஒப்படைக்கச் சொன்னால், அவர்களிடம் எழுத்தில் ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம்.