அப்பாவின் கொப்பி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தகப்பனார் இந்த வருடம் மாசியில் காலமானார். 79 வயது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் லிகிதராக இருந்து பென்சன் எடுத்தவர். காலையில் தேவாரம், பின்னேரம் பேப்பர், அதிகம் பேசாத மனிதர். அந்தியேட்டி முடிந்தபின் அவருடைய அலுமாரியை ஒதுக்கினேன். பழைய பாஸ்புக்குகளுக்கு அடியில் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. வீட்டுக் கணக்கு என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே பதினொரு கதைகள். காமக் கதைகள், ஐயா. ஒவ்வொன்றின் அடியிலும் திகதி போட்டிருக்கிறார். 1991 இல் தொடங்குகிறது. 1996 இல் கடைசிக் கதை ஒரு வசனத்தின் நடுவில் நிற்கிறது, அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள். நிறைய இடத்தில் ஒரே சொல்லை வெட்டி வெட்டி எழுதியிருக்கிறார். ஒரு கதையில், கிணற்றடியில் குளித்துவிட்டு வரும் பெண்ணின் பின்கழுத்தில் ஒட்டிய ஈர மயிரைப் பற்றியே ஒரு பக்கம். அதற்கப்புறம் வருவதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த வருடங்களில் அப்பா கொழும்பில் தனியே இருந்தார். அம்மாவும் நானும் பருத்தித்துறையில். 1996 கடைசியில்தான் நாங்கள் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, இங்கே கொழும்பில் அவரோடு சேர்ந்தோம். எல்லாக் கதையிலும் ஒரே பெண். அவள் பெயர் அம்மாவின் பெயர் இல்லை. அதுதான் என்னை அரிக்கிறது. அம்மா எங்களோடுதான் வெள்ளவத்தையில் இருக்கிறார். ஒரு மனிதன் எதற்காக இப்படியெல்லாம் எழுதுகிறான்? எரித்துவிடட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

எரிக்க வேண்டாம். மற்றதை ஆறுதலாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

காமத்தை ஏன் எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் கையில் வைத்திருக்கும் பதில், ஆசை தீராதவன் எழுதுகிறான் என்பது. உளவியல் அறிஞர் ஃபிராய்டும் 1908 இல் வெளிவந்த தன் கட்டுரையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: நிறைவேறாத விருப்பம்தான் பகற்கனவாகிறது, எழுத்தாளனின் கற்பனையும் அதே ஊற்றிலிருந்துதான் வருகிறது என்று. பாதி சரி. கனவு காண்பதற்கு அது காரணமாகலாம். ஆனால் கனவு காண்கிறவன் சொல்லை வெட்ட மாட்டான். உங்கள் அப்பா வெட்டியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான்.

காசுக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1940களில் நியூயோர்க்கில் அனாயிஸ் நின் என்ற பெண் எழுத்தாளர், முகம் காட்டாத ஒரு பணக்காரருக்காகப் பக்கத்துக்கு ஒரு டொலர் என்று எழுதினார். அந்த மனிதர் கவிதையை விடு, காரியத்தை மட்டும் எழுது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். கவிதையை எடுத்துவிட்டால் காமமும் செத்துப்போகும் என்பது நின்னின் கட்சி. அந்தக் கதைகள் அவர் இறந்த 1977 இல்தான் புத்தகமாயின. ஒரே ஒருவருக்காக எழுதியவர்களும் உண்டு. பிரான்சில் 1954 இல் புனைபெயரில் ஒரு நாவல் வந்து பெரிய அமளியாயிற்று. எழுதியது டொமினிக் ஓரி என்ற, வெளிப்பார்வைக்கு மிகவும் அடக்கமான ஒரு பெண். தன் காதலர் தன்னை விட்டுப் போய்விடக் கூடாதென்று அவருக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதினார். அதைத் தன் வாயால் உலகத்துக்கு ஒப்புக்கொண்டபோது அவருக்கு வயது 86.

உங்கள் அப்பாவுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. யாருக்கும் அவர் அதைக் காட்டியதாகவும் தெரியவில்லை. அப்படியானால் ஏன்?

அந்தக் காலத்துக் கொழும்பை எனக்குத் தெரியும். 1990 இல் போரினால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் யாழ்தேவி ரயில் நின்றது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே கந்தோரில் வேலை பார்த்தவர்கள் திடீரென்று தீவில் அகப்பட்டவர்கள்போல ஆனார்கள். கொட்டாஞ்சேனையில் நான் இருந்த வீட்டில் ஒரு அறைக்கு நான்கு பேர். எல்லோரும் கலியாணம் கட்டியவர்கள். கடிதத்தைப் போய்வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவோம். வழியில் இந்தப் பக்கமும் பிரித்து வாசிக்கலாம், அந்தப் பக்கமும் பிரித்து வாசிக்கலாம். அதனால் கடிதத்தில் என்ன இருக்கும்? நலம், நலமறிய ஆவல். பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமா. மாமாவிடம் காசு கொடுத்தனுப்பினேன், கிடைத்ததா. என் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருநாள் கடிதத்தை முடித்து ஒட்டிவிட்டு, ஒட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் இருந்தார். எழுதாமல் விட்டதெல்லாம் அந்த விரலில் இருந்தது.

உங்கள் அப்பாவின் கொப்பி அந்தக் கடிதங்களின் மிச்சம் என்று நான் நினைக்கிறேன். அனுப்ப முடியாத பகுதி. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள்: இராணுவம் வந்து வீடுகளைச் சோதிக்கும் சுற்றிவளைப்பு இரவுகளில் தமிழில் எழுதிய ஒரு துண்டுத் தாளுக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பயத்தில் அடுப்பில் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த ஐந்து வருடமும் அவர் அந்தக் கொப்பியை வைத்திருந்தார்.

இனி அந்த வெட்டுகள். தமிழில் உடலைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நம்மிடம் சங்கச் சொல் இருக்கிறது, எழுதினால் உரை வேண்டும். டொக்டரின் சொல் இருக்கிறது, அதில் மருந்து வாசம். தெருவில் சண்டையில் எறிகிற சொல் இருக்கிறது, அதை மனைவியின் மேல் யார் வைப்பான்? இந்த மூன்றுக்கும் நடுவில், விளக்கணைத்த பிறகு இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லக்கூடிய சொல், எழுத்தில் நமக்கு அநேகமாக இல்லை. டொக்டரே ‘குடும்ப வாழ்க்கை எப்படிப் போகிறது’ என்றுதான் கேட்கிறார். நான் ஒரு சிறுகதையில் கணவன் மனைவி படுத்திருக்கும் அரைப் பக்கத்தை எழுத மூன்று மாதம் எடுத்தேன். ஒவ்வொரு சொல்லும் ஒன்றில் கோயில் சிலையாகிவிடும், இல்லாவிட்டால் சாக்கடையாகிவிடும். ஆகவே உங்கள் அப்பா வெட்டிய இடங்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிகிறது. கிளுகிளுப்புக்காக எழுதுகிறவனுக்கு முதலில் வந்த சொல்லே போதும், அவனுக்கு அவசரம். பின்கழுத்தில் ஒட்டிய மயிருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவருக்கு அவசரமில்லை. அவர் ஒருத்தியைச் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்.

வெள்ளிவீதியார் என்ற பெண் குறுந்தொகையில் இதைத்தான் செய்தாள். கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல் நிலத்தில் கொட்டிப்போகும் பாலைச் சொல்லி, அதைப்போலத் தன் அழகு தனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல், பிரிவில் மேனியில் படரும் பசலைக்கு இரையாகிறது என்றாள். அந்தப் பாட்டில் அவள் தன் உடலைத் துணிந்து பேர் சொல்லிப் பேசுகிறாள். அதை நாம் பள்ளிக்கூடத்துக்கும் பட்டப்படிப்புக்கும் கொடுக்கிறோம். பிரிவில் இருந்த ஒரு பெண் எழுதினால் இலக்கியம், பிரிவில் இருந்த ஒரு லிகிதர் எழுதினால் வெட்கக்கேடா?

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தொல்காப்பியம் காதலைப் பாடும் அகத்திணைக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: அகப்பாட்டில் வரும் தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. அந்தரங்கத்தைப் பாடலாம், ஆனால் அது யாருடையது என்று ஊர் கைநீட்டக் கூடாது. உங்கள் அப்பா அந்தச் சூத்திரத்தைப் படித்தாரோ இல்லையோ, எங்களைப்போல நாலு பேரோடு அறையில் இருந்திருக்கக்கூடியவர், எப்போது யார் கையில் அகப்படுமோ என்ற கொப்பியில், உங்கள் அம்மாவின் பெயரை எழுதியிருப்பாரா? வேறு ஒரு பெண்ணை அவர் நினைத்திருக்கவும் கூடும். அதை நான் மறைக்கப் போவதில்லை. அப்படியே இருந்தாலும் அது தாளில் நின்றுவிட்ட ஒன்று, அதற்காக நீங்கள் அவர்மேல் வழக்குத் தொடுக்க வேண்டாம். ஆனால் கிணற்றடி என்கிறீர்கள். கொழும்பில் அறை எடுத்து இருந்தவருக்குக் கிணற்றடி ஏது? பைப்படிதான்.

அம்மாவிடம் கொப்பியைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம். ஒளிக்கவும் வேண்டாம். பழைய சீலைத் துண்டொன்றில் சுற்றி அதே அலுமாரியில் வையுங்கள். அச்சில் போடும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர் அதை எங்களுக்கு எழுதவில்லை.

கடைசிக் கதை ஒரு வசனத்தின் நடுவில் நிற்கிறது என்கிறீர்கள். வெறும் தாள் நிறைய மிஞ்சியிருந்தும் அவர் அதை முடிக்கவில்லை. நீங்கள் இருவரும் கப்பலில் வந்திறங்கிய மாதம் எது என்று அம்மாவிடம் ஒருதரம் கேளுங்கள். கொப்பியில் இருக்கும் கடைசித் திகதிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்.

அன்புடன்.