கட்சி இரண்டுபட்டு நின்றால் என் வாக்கை எப்படி அளிப்பது?

வாசகர் கேள்வி: தலைமுறையாக ஒரே தமிழ்க் கட்சிக்கு வாக்களித்துவரும் குடும்பம் எங்களுடையது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் கட்சியின் தீர்மானம் ஒன்றாகவும் கட்சிப் பிரமுகர்கள் சிலரின் பேச்சு வேறாகவும் இருந்ததால், மனம் வெறுத்த அப்பா வாக்களிக்கவே போகவில்லை. அடுத்த முறையும் ஒற்றுமை வராவிட்டால் என்ன செய்வது? இரண்டு பேருக்கு விருப்பு வாக்கு இட்டால் சீட்டு நிராகரிக்கப்படும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மை அன்று. ஒருவருக்கு 1 என்றும் இன்னொருவருக்கு 2 என்றும் இலக்கமிட்ட வாக்குச்சீட்டு முழுமையாகச் செல்லுபடியாகும். விரும்பினால் மூன்றாமவருக்கு 3 இடலாம். உங்கள் அப்பாவைப் போன்றவர்களின் சங்கடத்துக்குச் சட்டமே வழி வைத்திருக்கும்போது, அதை மேடையில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்று ஏசிக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2024இல் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்தது. கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் சிறீதரன் உள்ளிட்ட சிலர், தமிழ்ப் பொது வேட்பாளராகப் போட்டியிட்ட அதே கட்சிக்காரரான பா. அரியநேத்திரனுக்காக நின்றார்கள். இவ்விருவரில் ஒருவரைத்தான் தெரிவுசெய்ய முடியும் என்று வாக்காளர் நினைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. முதல் எண்ணிக்கையில் எவரும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இரு இடங்களில் உள்ளவர்களைத் தவிர ஏனையோர் நீக்கப்படுவார்கள். அப்படி நீக்கப்பட்டவருக்கு 1 இட்ட சீட்டுகளை மட்டும் எடுத்து, அவற்றில் உள்ள 2ஆம் விருப்பு எஞ்சிய இருவரில் ஒருவருக்கு உரியதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் 3ஆம் விருப்பைப் பார்ப்பார்கள். ஆகவே, அரியநேத்திரனுக்கு 1 இட்டு சஜித்துக்கு 2 இட்ட ஒருவர் இரு தரப்பின் விருப்பத்தையும் ஒரே சீட்டில் நிறைவேற்றியிருப்பார், எதையும் இழந்திருக்கமாட்டார்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கதை வேறு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிகப் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முதல் இருவருக்குள் வரக்கூடியவருக்கு 1 இட்டு, வர வாய்ப்பில்லாதவருக்கு 2 இட்டால், அந்த 2 ஒருபோதும் எண்ணப்படாது. உங்கள் 1 போட்டியில் நிலைத்திருக்கும்வரை அடுத்த இலக்கத்தை எவரும் பார்ப்பதில்லை. இதனால் சீட்டுக்குக் கேடில்லை, 2 பயன்படாமல் போகிறது, அவ்வளவுதான். இதே காரணத்தால், 2 இடுவது நீங்கள் 1 இட்டவரின் வாக்கைக் குறைக்கும் என்ற பயமும் வீண். கொள்கைக்காக நிற்பவருக்கு 1, ஆட்சிக்கு வரக்கூடியவர்களில் உங்களுக்கு ஏற்றவருக்கு 2 அல்லது 3 என்பதே மனம் இரண்டுபட்ட வாக்காளருக்குப் பொருத்தமான வரிசை.

2024இல்தான் நம் நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடந்தது. நீக்கப்பட்ட வேட்பாளர்களின் வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித்துக்கும் போய்ச் சேர்ந்தவை ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. மற்றவை, விருப்பு இடப்படாமலோ வேறு எவருக்கோ இடப்பட்டோ, அந்தக் கட்டத்தில் பேச்சற்றுப் போயின. இவை தவிர ஏறக்குறைய 3 இலட்சம் சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. தேர்தல் ஆணைக்குழு அறிவுறுத்தல் வெளியிடத்தான் செய்கிறது. ஆனால் 1981இல் இயற்றிய சட்டத்தின் வாக்களிப்பு முறையை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் படித்தவர்களே அறியாதிருக்கிறார்கள் என்றால், தேர்தல் காலத்து விளம்பரங்களோடு கடமை முடிந்தது என்று இருப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

நீங்கள் மிகவும் கவனமாயிருக்க வேண்டியது உங்கள் வாசலுக்கு வரும் இடைத்தரகர்களிடம்தான். "எங்கள் ஆளுக்குப் புள்ளடி போட்டால் போதும், வேறொன்றும் எழுதினால் சீட்டுப் பழுதாகிவிடும்" என்பது அவர்களுடைய வழக்கமான பாடம். தனியொரு புள்ளடி முதல் விருப்பாக ஏற்கப்படும் என்பது மெய்யே; அந்த அரை உண்மையை வைத்துக்கொண்டு உங்கள் 2ஐயும் 3ஐயும் பறித்துவிடுகிறார்கள். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்கவே வேண்டாம். இலக்கமிடுவதென்றால் 1இலிருந்தே தொடங்குங்கள். வாக்காளர் அட்டையைப் "பத்திரமாக வைத்துத் தருகிறோம்" என்று கேட்பவரிடமும், வாக்குரிமையைப் பதிந்து தருவதாக அடையாள அட்டையையோ பணத்தையோ கேட்பவரிடமும் எதையும் கொடுக்காதீர்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால், வாக்காளர் அட்டை இல்லாமலே அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம்.

வாக்களிக்காமல் இருந்தால் கட்சிக்குப் பாடம் புகட்டலாம் என்று அப்பா நினைத்தால், 2005 ஜனாதிபதித் தேர்தலை நினைவுபடுத்துங்கள். புலிகளின் புறக்கணிப்பு அறிவிப்பால் அன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடளாவிய வெற்றி வித்தியாசமோ 2 இலட்சம் வாக்குகளுக்கும் குறைவு. வாக்களிக்காததன் விளைவையும் நாங்களே அனுபவிக்க வேண்டியிருந்தது.

கட்சி ஒன்றுபடும் நாளுக்காகக் காத்திராமல், தேருநர் இடாப்பின் வருடாந்த மீளாய்வு நடக்கும்போது அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தேர்தல் அறிவித்த பின்னர் பெயரில்லை என்று ஓடினால், அப்போது எவராலும் சேர்க்க முடியாது.